ஈடு வைத்த கம்பு

பிடரியில் ஆரம்பித்த வலி தோள்பட்டைக்கு இறங்கி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஓடி, இடுப்பில் வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டது. ஒச்சாயி சரளைக் கூடையைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். கழுத்து நிமிரவில்லை. தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தபோது துணியெல்லாம் செம்மண். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் வண்டி இன்னும் வரவில்லை.

“மதினி, கழுத்து உள்ள போயிருச்சு. ஆமை மாதிரி இருக்க,” என்றான் கருப்பு. அவள் புருசன் சின்னானின் தம்பி.

“நீ வந்து ரெண்டு கூடை சுமந்து பாரு. கழுத்து இருந்த இடமே தெரியாது.”

“எனக்குத்தான் தரையை அமுக்குற உருளை இருக்கே. மாட்டுக்குப் பதிலா நானும் அண்ணனும் இழுக்கோம். மாடா இருந்தாலும் பருத்திக்கொட்டை வைப்பாக.”

வில்லாபுரம் தாண்டி, அவனியாபுரத்துக்கும் தெற்கே கிடந்த பொட்டலில் பட்டாளத்துக்காரர்கள் ஏரோப்ளேன் இறங்குவதற்கு மைதானம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பத்திரண்டாம் வருஷத்துக் கோடை. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான். கொழும்பில் குண்டு விழுந்தது. விசாகப்பட்டினத்தில் விழுந்தது. சென்னைப் பட்டணத்துச் சனங்கள் சட்டிபானையோடு ரயிலேறி வந்து மதுரைச் சத்திரங்களில் படுத்துக் கிடந்தார்கள். மழைக்கு முன்னால் மைதானம் முடிந்தாக வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது. வயலில் கிடைப்பதைவிடக் கூலி பல மடங்கு. அதுவும் அன்றன்றைக்கே.

நத்தக்குளம் அந்த மைதானத்துக்குக் கிழக்கே இருந்தது. மேலத்தெருவில் குடியானவர்கள். கீழத்தெருவில் அவர்கள் வயலில் பாடுபடுகிறவர்கள். ஒச்சாயி கீழத்தெருக்காரி. வேலை விட்டு வீட்டுக்குப் போனாலும் அவள் இடுப்புக்கு ஓய்வு கிடையாது. அதற்குப் பிறகுதான் தண்ணீருக்கு நிற்க வேண்டும்.

கண்மாய் வற்றினால் கீழத்தெருவின் ஊற்றுக்குழியும் வற்றிப்போகும். அப்புறம் மேலத்தெருவில் உள்ள ஊர்க் கிணறு ஒன்றுதான் கதி. அதில் கீழத்தெருக்காரர்கள் கயிறு விடக் கூடாது. பானையைத் தள்ளி வைத்துவிட்டு யாராவது இறைத்து ஊற்றும்வரை நிற்க வேண்டும். வருகிறவளுக்கு மனசு நல்லபடியாக இருந்தால் ஊற்றுவாள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் தன் குடத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு போய்விடுவாள். சீனியம்மாள் மட்டும் எந்த நாளும் ஊற்றாமல் போனதில்லை. அவள் ஊர்ப் பெரியவர் உக்கிரபாண்டியின் பெண்சாதி. ஆனால் தன் குடம் ஒச்சாயியின் பானையில் பட்டுவிடாதபடி உயரத் தூக்கி ஊற்றுவாள். பாதித் தண்ணீர் வெளியே சிந்தும். நாளெல்லாம் கல் சுமந்து வந்தவள் அந்தச் சிந்தும் பாதியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒச்சாயி வாழ்க்கையில் ஆசைப்பட்டது அதிகமில்லை. அந்தக் கிணற்றில் தன் கயிற்றைத் தானே விட்டுத் தண்ணீர் இறைக்க வேண்டும். அதை அவள் புருசனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பயந்துவிடுவான்.

வைகாசிக் கடைசியில் வேலை வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. மேற்கேயிருந்து மழைத் தண்ணீரை நத்தக்குளத்துக் கண்மாய்க்குக் கொண்டுவரும் வாய்க்கால் அது. மைதானத்தின் குறுக்கே கிடந்தது. கோடையில் பார்க்கிறவனுக்கு அது வெறும் பள்ளம். இரண்டு கரையிலும் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துவிட்டார்கள். தூர்க்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

“இதைத் தூத்துட்டா கம்மாய்க்கு எங்கிட்டுருந்து தண்ணி வரும் மேஸ்திரி?” என்று சின்னான் கேட்டான்.

மேஸ்திரி பேச்சிமுத்து தெற்கத்திக்காரர். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆள்கட்டு வைத்திருந்தவர். குண்டு விழுந்ததும் காடு மலையெல்லாம் நடந்து வந்து சேர்ந்தவர். அவரோடு புறப்பட்ட தங்கச்சி குடும்பம் வந்து சேரவில்லை. கால் நகங்கள் இன்னும் முளைத்து முடியாததால் சாக்குத்துணி சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார்.

“சின்னான், நான் சப்பான்காரனைப் பாத்தவன். நீ கம்மாயைப் பாக்க. அவன் வந்தான்னா கம்மாயும் இருக்காது, கேக்கதுக்கு நீயும் இருக்க மாட்ட. பேசாம இழு,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

சேதி மேலத்தெருவுக்கு எட்டியது. உக்கிரபாண்டி வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு தாசில் கச்சேரிக்குப் போனார். குமாஸ்தா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “ரேகைல பேரு இருக்கா?” என்பதுதான். இருந்தது. ரேகைச் சட்டத்தில் கைநாட்டு வைத்தவன் பட்டாள வேலை நடக்கிற இடத்தைப் பற்றி விசாரிக்கவே கூடாது என்றார் குமாஸ்தா. போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். உக்கிரபாண்டி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அவர் காவல்கார வம்சம். அவருடைய அப்பா காலத்தில் சுற்றியிருந்த ஊர்கள் பலவற்றுக்கு அந்தக் குடும்பம்தான் காவல். வைக்கோலைப் பிரியாக முறுக்கிச் சுற்றிய கம்பு ஒன்றைக் களத்தில் நட்டுவிட்டால் போதும். இந்த இடம் இன்னாருடைய பொறுப்பு என்று அர்த்தம். குவியலில் ஒரு மணி குறையாது, கட்டிய மாடு அவிழாது. எந்த ஊர்க்காரனும் அந்தக் கம்பைத் தாண்டிக் காலெடுத்து வைக்க மாட்டான். அப்புறம் சர்க்கார் வந்தது. காவல் போயிற்று. காவல் காத்தவர்களுக்குத் திருடர்கள் என்று பேர் வைத்து ரேகை எடுத்தார்கள். உக்கிரபாண்டி கல்யாணமான புதிதிலேகூட அந்தச் சட்டப்படி ராத்திரிகளில் போலீஸ் கொட்டடியில்தான் படுத்தார். கம்பு மட்டும் அவர் கையில் மிஞ்சியது. நல்ல பூவரசங்கம்பு, கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போனது.

கச்சேரியிலிருந்து வந்த மறுநாள் விடியற்காலையில் அவர் அந்தக் கம்பில் புதுவைக்கோல் சுற்றி, வாய்க்கால் கரையில் கொண்டுபோய் நட்டுவிட்டு வந்தார்.

வேலைக்கு வந்த சனம் கம்பைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கோச்சடைப் பக்கத்து ஆட்கள் நின்றார்கள், ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நின்றார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள். பேச்சிமுத்து கத்திப் பார்த்தார். “கம்பு நிக்குல்ல மேஸ்திரி,” என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் கூடாரத்துப் பக்கமிருந்து ஒரு பஞ்சாபிச் சிப்பாய் வந்தான். பனைமர உயரம். அப்போதுதான் குளித்திருந்தான். கம்பைப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், பிடுங்கினான். வைக்கோலை உருவி எறிந்துவிட்டுக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். கூடாரத்தின் முன்னால் அதை நட்டு, ஈரத் தலைப்பாகையின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைக் கூடாரத்திலும் கட்டி நீளமாகக் காயப் போட்டான்.

அவனை யாரும் ஏவவில்லை. துரைக்கு எதுவும் தெரியாது. ஒரு வம்சம் தன் முழு மானத்தையும் கொண்டுவந்து அந்தக் கரையில் நட்டிருந்தது. எதிரிக்குத் தன்னை எதிர்த்தார்கள் என்பதே தெரியவில்லை.

கம்பு போன பிறகு உட்கார்ந்திருக்கக் காரணம் இல்லை. சனம் எழுந்து கூடையைத் தூக்கியது.

சாயங்காலம் ஒச்சாயி கூடாரத்தருகே போனாள். கருப்பு வேண்டாம் என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டுப் போனாள். சிப்பாயிடம் கம்பைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். கிழக்கே ஊரைக் காட்டினாள். ஒரு கிழவர் கூன்போட்டு நடப்பதுபோல நடந்து காட்டினாள். சிப்பாய் சிரித்தான். தலைப்பாகையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கம்பைப் பிடுங்கிக் கொடுத்தான். மடியில் வைத்திருந்த இரண்டு எலுமிச்சம்பழங்களை அவள் அவனிடம் கொடுத்தாள். அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

விறகுக் கட்டுக்குள் வைத்துக் கம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் பானையோடு கிணற்றடிக்குப் போனாள். சீனியம்மாள் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

“ஆத்தா, ஐயாவோட கம்பு எங்கிட்ட இருக்கு. வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க.”

சீனியம்மாளின் குடம் அந்தரத்தில் நின்றது. “நீ கொண்டாந்து குடுக்காம?”

“மேலத்தெருவுல நான் கம்பு தூக்கிக்கிட்டு நடந்தா நல்லாவா இருக்கும் ஆத்தா?”

சீனியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள்.

“உனக்கு என்ன புள்ள வந்துச்சு?” என்று கேட்டான் சின்னான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. “அவரு நம்ம தெருவுக்கு எதுக்கு வந்திருக்காரு இதுவரைக்கும்? அடிக்கத்தான வந்திருக்காரு.”

“இந்தத் தடவை கேக்க வருவாரு. நீ கஞ்சியக் குடி.”

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அவர் வந்தார். கூடவே தம்பி பேயாண்டி. கீழத்தெரு முனையிலிருந்த உடைமரத்தடியில் இருவரும் நின்றார்கள். தெருவே வெளியில் வந்து தள்ளி நின்றது. ஒச்சாயி கம்பை எடுத்து வந்து மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு விலகினாள்.

“எங்க கெடந்துச்சு?” என்றார் உக்கிரபாண்டி.

“கெடக்கலைய்யா. ஒரு சிப்பாய் தலப்பா காயப் போட்டிருந்தாரு.”

பேயாண்டிக்குக் கோபத்தில் முகம் கடுத்தது. கருப்பு குனிந்து காலில் முள் பார்த்தான். சிரிப்பு வந்தால் அவனுக்குக் காலில் முள் இருக்கும்.

உக்கிரபாண்டி கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “காஞ்சுச்சா?” என்று கேட்டார்.

“காஞ்சுச்சுய்யா. நல்ல வெயிலு.”

அவர் மூக்கு வழியாகக் காற்றை விட்டார். அது சிரிப்புதான்.

“சின்னான், நாளைலருந்து அந்த எடத்துல உருளை உருட்டாதீக. கூடை கொட்டாதீக.”

“நாங்க கொட்டலைன்னா வேற ஊர்க்காரன் கொட்டுவான்யா,” என்றான் சின்னான்.

“கொட்ட மாட்டாக,” என்றாள் ஒச்சாயி. “கம்பு நின்னப்போ அம்புட்டுப் பேரும் நின்னாகள்ல. கம்பைப் பிடுங்குனப்புறந்தான் சனம் எந்திரிச்சுச்சு. கம்பு நின்ன எடத்துல ஆளு உக்காந்தா எப்படிப் பிடுங்குவாக? பள்ளத்துக்குள்ள நாங்க உக்காருவோம். வேற ஊர்க்காரன் எங்க தலைல கல்லைக் கொட்ட மாட்டான்.”

“அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றார் உக்கிரபாண்டி. “நான் அங்கிட்டு வந்து உக்காந்தா ரேகைக்காரன்னு இழுத்துட்டுப் போயி உள்ள வச்சிருவாக. நீங்கதான் உக்காரணும்.”

“உக்காந்தா கூலி போகும். அடி விழும். எங்களுக்கு என்னய்யா?” என்றாள் ஒச்சாயி.

“கம்மாய் நெறைஞ்சா உங்களுக்கும்தானே வேலை.”

“வேலை இங்கயும் இருக்குய்யா. ஒசந்த கூலி. அதை விட்டுட்டு உக்காரச் சொல்றீக.”

“என்ன வேணும்? நெல்லுல கூட ரெண்டு மரக்கா அளக்கச் சொல்றேன்.”

“நெல்லு வேணாம். ஊர்க் கெணத்துல எங்களுக்கு ஒரு கயிறு வேணும். எங்க கயிறு, எங்க கையி.”

சின்னான் கண்ணை மூடிக்கொண்டான். காக்கை ஒன்று உடைமரத்தில் உட்கார வந்து, உட்காராமல் போயிற்று.

“அண்ணே, வாங்க போவோம்,” என்றான் பேயாண்டி. “சப்பான்காரன் வாரதுக்கு முந்தி இவளுக நம்ம தலைல ஏறிருவாளுக.”

“நீ இரு.” உக்கிரபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “கொட்டடில படுக்கிறப்போ தாகம் எடுக்கும். பானை அங்கனதான் இருக்கும். நாங்க தொடக் கூடாது. ஏட்டையா மனசு வச்சு ஊத்தணும்.” கம்பை எடுத்தார். கையில் ஒரு தடவை உருட்டினார். எடுத்த இடத்திலேயே சாய்த்து வைத்தார்.

“கம்மாய்க்குத் தண்ணி வந்து சேரட்டும். மறுநா உங்க கயிறு கெணத்துல கெடக்கும். அதுவரைக்கும் இது உங்கிட்ட இருக்கட்டும். தாரதைத் தந்துட்டு வாங்கிக்கிறேன்.”

காவல்காரர்களிடம் அந்த வழக்கம் இருந்தது. ஒரு ஊருக்குச் சொன்ன சொல்லை நிறைவேற்றும்வரை கம்பை அந்த ஊரில் ஈடாக விட்டு வருவார்கள். கம்பில்லாமல் வெறுங்கையோடு நடக்கிறவனைப் பார்த்தாலே, இவன் எங்கோ சொல் பாக்கி வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். கீழத்தெருவில் அதுவரை யாரும் ஈடு விட்டதில்லை.

அவர்கள் போன பிறகு கருப்பு கம்பைத் தொட்டுப் பார்த்தான். “மதினி, இனிமே நம்ம தெருவுக்கே நாமதான் காவலு. திருடுறதுக்குத்தான் ஒண்ணுமில்ல.”

மறுநாள் நத்தக்குளத்துக் கீழத்தெரு மொத்தமும் வாய்க்கால் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தது. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். மற்ற ஊர்க்காரர்கள் கரையில் கூடையோடு நின்றார்கள். சேதி போய்த் துரை வந்தார். முகமெல்லாம் வெயிலில் தோல் உரிந்து, வெந்த கிழங்கு மாதிரி இருந்தது. கூடவே துப்பாக்கியோடு நாலைந்து சிப்பாய்கள். தலைப்பாகைச் சிப்பாய் ஒச்சாயியைப் பார்த்ததும் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

துரை பேசினார். பேச்சிமுத்து ரங்கூனில் கற்ற இங்கிலீஷை வைத்து இங்குமங்கும் மொழி மாற்றினார்.

“யுத்த வேலையைத் தடுத்தா செயிலுங்காரு. இப்பவே பிடிச்சு அனுப்புவேங்காரு.”

“அனுப்பட்டும். செயில்ல தண்ணி ஊத்துவாகள்ல?” என்றாள் ஒச்சாயி.

பேச்சிமுத்து அதை மொழி மாற்றவில்லை. “ஏத்தா, நான் சொல்றதைக் கேளு. இந்த மனுசனோட கூடப்பொறந்தவன் சிங்கப்பூர்ல அவங்கிட்டப் பிடிபட்டுக் கெடக்கான். உசுரோட இருக்கானான்னு தெரியலை. ராத்திரியெல்லாம் தூங்காம மேப்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அவருக்குப் பயம். எனக்கும் பயம். உனக்கு மட்டும் பயம் இல்லையா?”

“எனக்கும் பயந்தான் மேஸ்திரி. அவருக்கு சப்பான்காரன் பயம். எனக்கு ஐப்பசி பயம். நாங்க வேலையத் தடுக்கலை. மைதானம் போடட்டும். இதுக்குள்ள ஒரு குழாயை வச்சிட்டு மேல மண்ணைப் போடட்டும். தண்ணி அது பாட்டுக்கு அடியில போகட்டும், ஏரப்ளான் அது பாட்டுக்கு மேல போகட்டும்.”

“குழாய் வைக்க நாளாகுமே. அவருக்கு நாளுதான் இல்ல.”

ஒச்சாயி திரும்பிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தாள். சின்னான் தலையை அசைத்தான்.

“ஆடி நோம்பிக்கு நாங்க லீவு எடுக்க மாட்டோம். ஞாயித்துக்கெழமையும் வாரோம். குழாய்க்குப் போற நாளை நாங்க திருப்பிக் குடுக்கோம்னு சொல்லுங்க.”

பேச்சிமுத்து சொன்னார். துரை கரையில் நின்ற மற்ற ஊர்ச் சனத்தைப் பார்த்தார். இவர்களை இழுத்தால் அவர்களும் போய்விடுவார்கள் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். கீறல் விட்டதால் ஒதுக்கி வைத்திருந்த சிமிட்டிக் குழாய்களைக் கையால் காட்டினார். அவற்றை எடுத்துக்கொள்ளலாம், வேலை நேரத்துக்கு வெளியே பதிக்க வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. இதுதான் அவர் கொடுத்தது. கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

குழாய்களைப் பதித்தார்கள். ஆடிப் பதினெட்டன்று ஊரெல்லாம் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனபோது, கீழத்தெரு கடைசிக் குழாயைப் பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. கயிறு வழுக்கியது. குழாய் சின்னானின் வலது பாதத்தின் மேல் உருண்டது. கருப்பும் மற்றவர்களும் அதைப் புரட்டி எடுத்தபோது விரல்கள் விரல்களாக இல்லை. பட்டாளத்து வைத்தியன் மூன்றை எடுத்துவிட்டான். அந்தத் தலைப்பாகைச் சிப்பாய்தான் சின்னானை லாரியில் தூக்கி வைத்தான்.

சின்னான் வீட்டில் கிடந்தான். உருளை இழுக்க இனி அவனால் முடியாது. கிடந்த இடத்தில் தேங்காய்நார் திரித்தான். திரித்துத் திரித்துக் கயிறாக்கினான். ஊர்க் கிணறு எத்தனை ஆழம் என்று கருப்பிடம் கேட்டான்.

“ரொம்ப நீளமாத் திரிக்காதண்ணே. கயிறு நீளமா இருந்தா மேலத்தெருக்காரன் கெணத்தையே இழுத்துட்டுப் போயிட்டோம்பான்.”

ஐப்பசியில் மழை பிடித்தது. மேற்கே பெய்த மழை சிவந்த தண்ணீராக வாய்க்காலில் ஓடி வந்து, மைதானத்தின் அடியில் நுழைந்து, மறுபக்கம் குழாய் வாயில் கொப்பளித்தது. மேலே புதிய ஏரோப்ளேன்கள் இரைச்சலோடு இறங்கின. கீழே தண்ணீர் கண்மாய்க்குப் போயிற்று. கண்மாய் நிரம்பியது. மேலத்தெருவில் நாற்றுப் பாவினார்கள்.

கண்மாய் நிரம்பிய மறுநாள் காலையில் ஒச்சாயி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பானையோடு கிணற்றடிக்குப் போனாள். அங்கே பேயாண்டியும் இன்னும் சில ஆண்களும் நின்றார்கள். பெண்கள் யாரும் இல்லை.

“என்ன அது?”

“கயிறுய்யா. ஐயா சொல்லியிருக்காக.”

“அண்ணன் அவரு வீட்டைக் குடுக்கட்டும், வயலைக் குடுக்கட்டும். இது ஊருக் கெணறு. திரும்பிப் போ.”

“நாங்க குழாய் பதிச்சது ஊருக் கம்மாய்க்குத்தான்யா.”

“போன்னா போகணும்.”

அவள் உக்கிரபாண்டியின் வீட்டு வாசலைப் பார்த்தாள். அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். வாசலை விட்டு இறங்கவில்லை. ஒச்சாயி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கயிற்றோடு திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் கண்மாய்க் கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்தபோது உக்கிரபாண்டி வந்தார்.

“தெருக் கூடிப் பேசுனோம். உங்க கயிறு விழுந்தா எங்க வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாகளாம். அன்னக்கொடிக்குத் தையில கலியாணம் வச்சிருக்கேன்.” அன்னக்கொடி அவருடைய மகள். “துரைகிட்ட நீ பேசி வாங்கிட்ட. எங்க தெருகிட்ட என்னால பேசி வாங்க முடியலை.”

ஒச்சாயிக்கு ஆத்திரம் வந்தது. அதோடு இந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

“அப்ப கம்பை எடுத்துட்டு வாரேன். வாங்கிக்கிருங்க.”

“வேணாம்.” அவர் தண்ணீரைப் பார்த்தார். “தரலையே. எப்படி வாங்குறது.”

அதன்பிறகு அவர் வெறுங்கையோடு நடந்தார். மகள் கல்யாணத்தில் பந்தலில் வெறுங்கையோடு நின்றார். சந்தைக்குப் போனார், பஞ்சாயத்துகளில் உட்கார்ந்தார். பிற ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு, “என்ன மாமா, கம்பு எங்க?” என்று கேட்டால், “குடுத்திருக்கேன்,” என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார். பேயாண்டி புதுக்கம்பு செதுக்கிக் கொடுத்தான். அதை அவர் மாட்டுக்கொட்டத்தில் போட்டுவிட்டார்.

சண்டை முடிந்த வருஷம் அவர் இறந்தார். ஏரோப்ளேன்கள் குறைந்துபோயிருந்தன. பேச்சிமுத்து ரங்கூனுக்குக் கப்பல் விடுகிறார்களா என்று விசாரிக்கப் போய்விட்டிருந்தார். காவல்காரன் பாடையில் அவன் கம்பையும் வைத்துத்தான் எடுப்பார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி வைத்துவிட்டு, பேயாண்டி இரண்டு பேரோடு கீழத்தெருவுக்கு வந்தான்.

“கம்பைக் குடு.”

“கயிறு?” என்றாள் ஒச்சாயி.

“பொணம் கெடக்கு. கயிறு பேசுற நேரமா இது?”

“எனக்கு வேற நேரம் நீங்க தரலையேய்யா. இதைக் குடுத்துட்டா அவுக என்கிட்ட ஒண்ணும் பாக்கி வைக்கலைன்னு ஆயிரும். வச்சிருக்காக. அவுகளே கேக்கலை.”

சின்னான் ஊன்றுகோலோடு எழுந்து வாசலை மறித்து நின்றான். அவன் மறித்து நின்றதை ஒச்சாயி அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தாள். பேயாண்டி கூரையில் சொருகியிருந்த கம்பைப் பார்த்துவிட்டான். சின்னானை ஒரு கையால் ஒதுக்கினான்.

“கொழுந்தனாரே.”

தெருமுனையில் சீனியம்மாள் நின்றாள். தலைவிரிகோலம். சாவு வீட்டை விட்டுப் பெண்டாட்டி வரக் கூடாது. அதுவும் இந்தத் தெருவுக்கு. பின்னால் ஓடி வந்த பெண்கள் உடைமரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

“எம் புருசன் உசுரோட கேக்காததை நீங்க பொணத்துக்குக் கேக்காதீக. வெறுங்கையோடதான நடந்தாரு இம்புட்டு நாளும். அப்படியே போகட்டும். வாங்க, எடுக்க நேரமாச்சு.”

பேயாண்டி கையை எடுத்தான். உக்கிரபாண்டியைக் கம்பில்லாமல் கொண்டுபோனார்கள். பாடை கண்மாய்க் கரை வழியாகப் போனது. கீழத்தெருச் சனம் தள்ளி நின்று கும்பிட்டது. ஒச்சாயியும் கும்பிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சீனியம்மாள் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். ஒச்சாயி பானையைத் தள்ளி வைத்துவிட்டு நின்றாள். சீனியம்மாள் குடத்தை உயரத் தூக்கவில்லை. பானையின் விளிம்பிலேயே சாய்த்து வைத்து ஊற்றினாள். சிந்தவில்லை.

அது நல்ல மனசு. ஆனால் கயிறு ஆகாது. கம்பு ஒச்சாயி வீட்டுக் கூரையில் இன்னும் சொருகிக் கிடக்கிறது. பக்கத்தில் சின்னான் திரித்த கயிறு, ஒரு நாளும் நனையாமல். நத்தக்குளத்து மேலத்தெரு கீழத்தெருவுக்கு ஊர்க் கிணற்றில் ஒரு கயிறு பாக்கி.